ஃப்ரேசல் வெர்ப்: தவறு எங்கே நேர்கிறது, எப்படித் திருத்துவது?

‘புட்’ என்ற ஆங்கில வினைக்குப் பொருள் தெரியும். ‘ஆஃப்’ என்ற சிறுசொல்லுக்கும் பொருள் தெரியும். ஆனால் இரண்டும் சேர்ந்து ‘புட் ஆஃப்’ என்று வரும்போது அது ‘ஒத்திவை’ என்று பொருள்படுவதை அவ்விரு சொற்களிலிருந்து ஊகித்துவிட முடியாது. வினையும் சிறுசொல்லும் இணைந்து இப்படித் தனிப்பொருள் தரும் தொடரையே ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். ஆங்கிலம் கற்கும் அயல்மொழியாளருக்கு மிகுந்த இடர் தருவது இந்த அமைப்பே என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியான தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்.

பொருள் மாறுவது மட்டுமே சிக்கல் என்றால் தமிழ் பேசுவோர் அவ்வளவு தடுமாற வேண்டியதில்லை. ‘கண்டுபிடி’, ‘கைவிடு’, ‘ஒத்திவை’ போன்ற வினைகளை நாம் உறுப்புறுப்பாகப் பிரித்துப் பொருள் கொள்வதில்லை. உண்மையான சிக்கல் செயப்படுபொருளின் இடத்தில் இருக்கிறது. தமிழில் ‘கூட்டத்தை ஒத்திவை’ என்று செயப்படுபொருள் முன்னரே வந்துவிடுவதால், ‘ஒத்தி’க்கும் ‘வை’க்கும் நடுவே எதையாவது வைக்கலாமா என்ற கேள்வியே எழுவதில்லை. ஆங்கிலத்திலோ அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது; அதற்கான விடை தொடருக்குத் தொடர் மாறுகிறது. பொருளை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு இடத்தைக் கற்காமல் விடுவதே, என் பார்வையில், கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, ஆனால் வாக்கியம் விளங்கவில்லை

படிக்கும்போது ஏற்படும் முதல் தடை இது. வினைக்குப் பின்னால் வரும் சிறுசொல், அடுத்து வரும் பெயர்ச்சொல்லோடு சேர்கிறதா, முன்னால் உள்ள வினையோடு சேர்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ‘ஷி லுக்ட் அப் தி சிம்னி’ என்றால் அவள் புகைபோக்கியின் உள்ளே அண்ணாந்து பார்த்தாள்; இங்கே ‘அப்’ திசையைக் காட்டுகிறது, அது புகைபோக்கியோடு சேர்ந்த சொல். ‘ஷி லுக்ட் அப் தி வேர்ட்’ என்றால் அவள் அந்தச் சொல்லை அகராதியில் தேடிப் பார்த்தாள். இங்கே ‘அப்’ வினையோடு ஒட்டிய சொல். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால், பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ‘இட்’ என்ற ப்ரோநவுனை வைத்துப் பார்க்க வேண்டும். புகைபோக்கியானால் ‘லுக்ட் அப் இட்’. சொல்லானால் ‘லுக்ட் இட் அப்’. சிறுசொல்லைத் தாண்டி ‘இட்’ முன்னே வந்துவிட்டால், அந்தச் சிறுசொல் வினைக்கு உரியது.

சில வாக்கியங்களில் சிறுசொல் வெகுதொலைவில் போய் நிற்கும். ‘ஷி டர்ன்ட் தி ஜாப் ஆஃபர் டவுன்’ என்ற வாக்கியத்தில் ‘டர்ன்ட்’ என்பதைக் கண்டதும் ‘திருப்பினாள்’ என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. கடைசியில் நிற்கும் ‘டவுன்’ என்பதோடு சேர்த்துப் படித்தால்தான் வேலை வாய்ப்பை மறுத்துவிட்டாள் என்பது புலப்படும். எனவே ‘டர்ன்’, ‘டேக்’, ‘புட்’, ‘கெட்’, ‘செட்’, ‘பிரிங்’ போன்ற எளிய வினைகளுக்கு வழக்கமான பொருள் பொருந்தாதபோது, வாக்கியத்தின் கடைசிவரை சென்று அங்கே ‘அப்’, ‘டவுன்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ ஆகியவற்றில் ஏதேனும் தனியாக நிற்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அகராதியில் ஏழெட்டுப் பொருள்கள் உள்ளன, எதை எடுப்பது என்று தெரியவில்லை

‘எதை?’ என்று கேட்டால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். ‘டேக் ஆஃப்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். ‘தி ப்ளேன் டுக் ஆஃப்’ என்ற வாக்கியத்தில் செயப்படுபொருளே இல்லை, விமானம் மேலெழுந்தது. ‘ஹி டுக் ஆஃப் ஹிஸ் கோட்’ என்பதில் ‘எதை?’ என்றால் கோட்டை; ஆகவே கழற்றினார். ‘ஷி டுக் மண்டே ஆஃப்’ என்பதில் விடை ஒரு நாளின் பெயர்; ஆகவே விடுப்பு எடுத்தார். தொழில் ஒன்று எழுவாயாக வந்து செயப்படுபொருள் இல்லாமல் இருந்தால், அது விரைவாக வளர்ச்சி கண்டது என்று பொருள். விமானம் எழும்பும் படிமம் அதில் நன்றாகவே தெரிகிறது. ‘புட் ஆஃப்’ என்பதிலும் இதே சோதனை செல்லும். கூட்டத்தை ‘புட் ஆஃப்’ செய்தால் ஒத்திவைப்பு. ‘தி ஸ்மெல் புட் மி ஆஃப்’ என்று ஒரு மனிதர் செயப்படுபொருளானால், நாற்றத்தால் அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது என்பது பொருள்.

சிறுசொற்களுக்கென்று ஒரு பொதுப்பொருள் உண்டா என்று பலர் கேட்பார்கள். ஓரளவுக்கு உண்டு. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’, ‘ட்ரை அப்’ ஆகியவற்றில் ‘அப்’ செயல் முற்றுப்பெற்றதைக் காட்டுகிறது. ‘சாப்பிட்டுவிடு’, ‘தீர்ந்துவிட்டது’, ‘காய்ந்துவிட்டது’ என்று நாம் ‘விடு’ என்ற துணைவினையைச் சேர்ப்பதற்கு மிக நெருக்கமான வேலை அது. ஆனால் இதை ஊகத்துக்குத் துணையாக மட்டும் கொள்ள வேண்டும். படிவத்தை நிரப்புவதற்கு ‘ஃபில் இன்’ என்றும் ‘ஃபில் அவுட்’ என்றும் சொல்கிறார்கள். உள்ளே என்பதும் வெளியே என்பதும் அங்கே ஒரே பொருளில் வந்து நிற்கின்றன.

‘டர்ன் ஆஃப் இட்’ என்று எழுதினால் தவறு என்கிறார்கள்

இந்தப் பிழையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். ‘டர்ன் ஆஃப் தி லைட்’, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ ஆகிய இரண்டும் சரி. ஆனால் ‘லைட்’ என்ற பெயர்ச்சொல்லை ‘இட்’ ஆக மாற்றினால், ‘டர்ன் இட் ஆஃப்’ என்ற ஒரே வடிவம்தான் சரி. பெயர்ச்சொல்லுக்கு உள்ள சுதந்திரம் ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘மி’, ‘அஸ்’ ஆகிய ப்ரோநவுன்களுக்குக் கிடையாது.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் இறுதிப்பகுதி பொதுவாகப் புதிய செய்திக்கும் அழுத்தத்துக்கும் உரிய இடம். ‘இட்’ என்பது ஏற்கெனவே பேசப்பட்ட பொருளைத் திரும்பக் குறிக்கும் சொல்லாதலால், அதில் புதிய செய்தி இல்லை, அழுத்தமும் விழாது. ஆகவே அது நடுவே சென்று, இறுதி இடத்தை ‘ஆஃப்’ என்பதற்கு விட்டுக்கொடுக்கிறது. இதே காரணத்தால்தான் மிக நீளமான செயப்படுபொருள் எதிர்த்திசையில் நகர்கிறது. ‘அவர்கள் நேற்று மாலை அனுப்பிய புதிய திட்டத்தை அவள் மறுத்துவிட்டாள்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, அந்த நீண்ட தொடர் முழுவதையும் ‘டர்ன்ட்’ என்பதற்கும் ‘டவுன்’ என்பதற்கும் நடுவே திணித்தால், இலக்கணப்படி பிழை என்று சொல்ல முடியாவிட்டாலும் படிப்பவர் மூச்சுத்திணறிப்போவார். ‘ஷி டர்ன்ட் டவுன்’ என்று முதலில் முடித்துவிட்டு, திட்டத்தைப் பற்றிய விவரங்களை அதன் பின் எழுத வேண்டும். ப்ரோநவுன் என்றால் நடுவில், சிறிய பெயர்ச்சொல் என்றால் எங்கும், நீளமான தொடர் என்றால் இறுதியில் என்று வைத்துக்கொள்ளலாம்.

விதியைக் கற்றபின் ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ என்று எழுதிவிட்டேன்

முந்தைய பிழையைத் திருத்திக்கொண்டவர்களுக்கு அடுத்து வரும் பிழை இது. விதியை எல்லாத் தொடர்களுக்கும் விரித்துவிடுவதால் நேர்கிறது. ‘லுக் ஆஃப்டர்’ என்பது பிரியாத தொடர். ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதே சரி. ‘லுக் ஃபார் இட்’, ‘லுக் இன்டு இட்’, ‘டீல் வித் இட்’ ஆகியவையும் அப்படியே.

எது பிரியும், எது பிரியாது என்பதைச் சிறுசொல்லைப் பார்த்துப் பெருமளவு சொல்லிவிடலாம். ‘அட்’, ‘ஃபார்’, ‘ஃப்ரம்’, ‘இன்டு’, ‘வித்’, ‘ஆஃப்டர்’ ஆகியவை எப்போதும் தமக்குப் பின்னால் ஒரு பெயரை எதிர்பார்க்கும் சொற்கள். ஆகவே ‘இட்’ அவற்றுக்குப் பின்னால்தான் வரும். ‘அவே’, ‘பேக்’, ‘அபார்ட்’ ஆகியவை அப்படி எதிர்பார்க்காதவை; ‘த்ரோ இட் அவே’, ‘கிவ் இட் பேக்’, ‘டேக் இட் அபார்ட்’ என்று ‘இட்’ நடுவே வரும். ‘அவுட்’ என்பதையும் பெரும்பாலும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்விரு அணிகளுக்கும் இடையே நிற்கும் ‘ஓவர்’, ‘த்ரூ’, ‘ஆன்’, ‘இன்’, ‘ஆஃப்’, ‘அப்’, ‘டவுன்’ ஆகியவற்றில்தான் கவனம் தேவை, ஏனெனில் அவை இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளும். ஒன்றைப் பற்றி நிதானமாக யோசித்துப் பாருங்கள் என்பதற்கு ‘திங்க் இட் ஓவர்’. ஒரு துயரத்திலிருந்து மீண்டு வாருங்கள் என்பதற்கு ‘கெட் ஓவர் இட்’. இரண்டிலும் ‘ஓவர்’ என்ற அதே சொல்தான் இருக்கிறது; இடம் மட்டும் மாறுகிறது. இவற்றுக்குக் குறுக்குவழி இல்லை, அகராதியைத்தான் பார்க்க வேண்டும். நல்ல பயிலுநர் அகராதிகள் ‘லுக் ஆஃப்டர் சம்படி’ என்றும், ‘புட் சம்திங் ஆஃப்’ என்றும் செயப்படுபொருளின் இடத்தைக் காட்டியே தலைப்பு கொடுக்கின்றன. பொருளைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுவதால், இந்தச் சிறு குறிப்பு பலர் கண்ணில் படுவதே இல்லை. வினைச்சொல்லின் முதன்மைப் பொருள்களோடு தேடி ஏமாறாமல், பதிவின் இறுதியில் தனிப்பகுதியாக ஃப்ரேசல் வெர்ப்கள் தொகுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

‘ஐ வாஸ் க்ரோன் அப் பை மை கிராண்ட்மதர்’ ஏன் தவறு?

தமிழில் ‘வளர்ந்தான்’ என்றால் தன்வினை, ‘வளர்த்தான்’ என்றால் பிறவினை. ஒரே வேரில் ஓர் எழுத்து மாற்றம் வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு தனித்தனித் தொடர்கள் வேண்டும். தானாக வளர்வது ‘க்ரோ அப்’. பிறரை வளர்ப்பது ‘பிரிங் அப்’. ‘க்ரோ அப்’ செயப்படுபொருள் ஏற்காத வினை என்பதால், அதைச் செயப்பாட்டு வினையாகவும் மாற்ற முடியாது. பாட்டி வளர்த்தார் என்பதற்கு ‘ஐ வாஸ் பிராட் அப் பை மை கிராண்ட்மதர்’ என்றே எழுத வேண்டும்.

வண்டி பழுதாகி நின்றுவிட்டது என்பதைச் செயப்பாட்டு வினையாக்கி ‘தி கார் வாஸ் ப்ரோக்கன் டவுன்’ என்று எழுதுவதும் இதே வகைத் தவறு. வண்டி தானாக நின்றது, ஆகவே ‘தி கார் ப்ரோக் டவுன்’ என்பதே போதும். ‘ரன் அவுட்’ என்பதில் எழுவாயைப் பொறுத்து அமைப்பே மாறும். தீர்ந்துபோன பொருள் எழுவாயானால் ‘தி இங்க் ரேன் அவுட்’. அது தீர்ந்து கையறு நிலையில் நிற்பவர் எழுவாயானால் ‘வி ரேன் அவுட் ஆஃப் இங்க்’ (இங்கே வரும் ‘ஆஃப்’ ஓர் ‘எஃப்’ மட்டும் உள்ள சொல்; ‘புட் ஆஃப்’ என்பதில் வருவது அன்று). ‘எங்களிடம் மை தீர்ந்துவிட்டது’ என்ற தமிழ் வாக்கியத்தில் எழுவாய் மைதான், ஆட்கள் அல்லர். அதனால்தான் ‘வி’ என்று தொடங்கும் வாக்கியத்தில் ‘ஆஃப்’ என்பதைச் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

செயப்பாட்டு வினையில் சிறுசொல் காணாமல் போகிறது

‘குழந்தையை அத்தை பார்த்துக்கொண்டார்’ என்பதைச் செயப்பாட்டு வினையில் எழுதும்போது ‘தி சைல்ட் வாஸ் லுக்ட் பை ஹெர் ஆன்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஆஃப்டர் பை’ என்று இரண்டு சிறுசொற்கள் அடுத்தடுத்து வருவது பிழை போலத் தோன்றுவதால், எழுதுபவரின் கை தானாகவே ஒன்றை நீக்கிவிடுகிறது. அந்த உள்ளுணர்வை இங்கே நம்பக் கூடாது. ‘வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை’ என்பதே முழுமையான, சரியான வடிவம்.

‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்ற மின்னஞ்சல் வரி

‘டு’ என்பதைக் கண்டதும் அடுத்து வினையின் அடிவடிவம் வர வேண்டும் என்ற பழக்கம் இந்தத் தவறைத் தருகிறது. இந்த ‘டு’ வினைக்கு முன்னால் வரும் ‘டு’ அன்று, ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்ற மூன்று சொல் தொடரின் உறுப்பு. வினையை எடுத்துவிட்டு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்’ என்று இயல்பாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்த இடம் பெயருக்கு உரியது, அங்கே வினை வந்தால் ‘ஐஎன்ஜி’ வடிவத்தில்தான் வர வேண்டும். ஆகவே ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’. ‘கிவ் அப் ஸ்மோக்கிங்’, ‘புட் ஆஃப் கோயிங்’ ஆகியவற்றிலும் அதே வடிவம்தான்.

மூன்று சொல் தொடர்கள் இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகின்றன. ‘புட் அப் வித்’, ‘கீப் அப் வித்’ ஆகியவை காதில் பழகிவிட்டதால், ‘கோப் வித்’ என்பதிலும் ஓர் ‘அப்’ நுழைந்துவிடுகிறது. ‘கோப் அப் வித்’ என்று பலரும் எழுதினாலும், ‘கோப் வித்’ என்பதே பொது வழக்கில் ஏற்கப்பட்டது. இதே போல ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் ‘அபவுட்’ தேவையில்லை. ‘ரிட்டர்ன்’ என்பதற்குள்ளேயே திரும்புதல் இருப்பதால் ‘பேக்’ தேவையில்லை.

‘ஆஃப் தி ஃபேன்’, ‘லாகின்ட்’, ‘பேக்கப்ட்’

‘ஆஃப் பண்ணு’, ‘ஆன் பண்ணு’ என்று தமிழில் சொல்லும்போது வினையின் வேலையைப் ‘பண்ணு’ செய்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘பண்ணு’ விடுபட்டு ‘ஆஃப்’ மட்டும் மிஞ்சிவிடுவதால், வினையில்லாத கட்டளை ஒன்று பிறக்கிறது. ‘டர்ன்’ அல்லது ‘ஸ்விட்ச்’ என்ற வினை அங்கே கட்டாயம் வேண்டும்.

கணினிச் சொற்களில் நேர்வது வேறு. ‘லாக் இன்’ என்று இரண்டு சொல்லாக எழுதினால் வினை. ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் பெயர்ச்சொல். ‘பேக் அப்’, ‘செட் அப்’, ‘ப்ரேக் டவுன்’ ஆகியவற்றுக்கும் இதே முறைதான். இறந்தகாலக் குறி எப்போதும் வினையின் மீதுதான் ஏறும்: ‘லாக்ட் இன்’, ‘பேக்ட் அப்’. வினையாக எழுத நினைத்தது சரிதானா என்ற ஐயம் வந்தால், அதே வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றிப் பார்த்தால் போதும். ‘செட்’ போல இறந்தகாலத்தில் மாறாத வினைகளைத் தவிர மற்றவற்றில், இறந்தகால வடிவம் நடுவே வந்து சொல்லைப் பிரித்துக் காட்டிவிடும்.

இலக்கணம் சரி, ஆனால் கேட்பவர் வியப்போடு பார்க்கிறார்

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்றால் இந்தியாவில் படிப்பை முடித்தேன் என்று புரிந்துகொள்வார்கள். பிரிட்டனில் படைப் பயிற்சியை நிறைவு செய்பவர்களுக்கு அத்தொடர் உண்டு என்றாலும், பிற இடங்களில் பெரும்பாலோர் காதில் விழும் முதல் பொருள் ‘மயங்கி விழுந்தேன்’ என்பதே. வெளிநாட்டினர் படிக்கப்போகும் விண்ணப்பத்தில் ‘க்ராஜுவேட்டட்’ என்று எழுதுவது பாதுகாப்பானது.

இன்னொரு வகை வியப்பு நடையைப் பற்றியது. ஃப்ரேசல் வெர்ப் என்றாலே கொச்சை, கடிதங்களில் தவிர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. ‘புட் அப் வித்’ என்பதற்குப் பதில் ‘டாலரேட்’ என்று அறிக்கையில் எழுதுவது பொருத்தம்தான். ஆனால் ‘கேரி அவுட்’, ‘செட் அப்’, ‘பாயிண்ட் அவுட்’ ஆகியவை ஆய்வுக் கட்டுரைகளிலும் தடையின்றி வருகின்றன. மறுபுறம், நண்பரோடு பேசும்போது ‘எக்ஸ்டிங்க்விஷ்’, ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’ என்றே பேசிக்கொண்டிருந்தால் பேச்சு விறைப்பாகிவிடும். அங்கே ‘புட் அவுட்’, ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’ என்பவையே இயல்பு.

படிக்கும்போது புரிகிறது, பேசும்போது வரவில்லை

குறிப்பேட்டில் ‘புட் ஆஃப் – ஒத்திவை’ என்று எழுதி வைத்திருந்தால் இந்த நிலைதான் வரும். அந்தக் குறிப்பில் பொருள் இருக்கிறது, இடம் இல்லை. அதற்குப் பதிலாக ‘புட் இட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர் இட்’, ‘ரன் அவுட் ஆஃப் இட்’ என்று ‘இட்’ சேர்த்து எழுத வேண்டும். செயப்படுபொருள் ஏற்காத ‘ப்ரேக் டவுன்’ போன்றவற்றை ‘இட் ப்ரோக் டவுன்’ என்று எழுவாயோடு எழுத வேண்டும். பிரியுமா, பிரியாதா, செயப்படுபொருள் ஏற்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ‘இட்’ என்ற அந்த ஒரு சொல்லின் இடமே விடை சொல்லிவிடும்.

எழுதியதை வாய்விட்டுச் சொல்லும்போது அழுத்தத்தையும் சேர்த்தே பழக வேண்டும். ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதில் அழுத்தம் ‘ஆஃப்’ மீது விழும். ‘லுக் அட் இட்’ என்பதில் ‘லுக்’ மீது விழும், ‘அட்’ தேய்ந்து ஒலிக்கும். பெயர்ச்சொல்லான ‘பேக்கப்’ என்பதில் முதல் அசையிலும், வினையான ‘பேக் இட் அப்’ என்பதில் ‘அப்’ மீதும் அழுத்தம் வரும். இப்படிச் சில நாட்கள் சொல்லிப் பழகிய பின் ‘டர்ன் ஆஃப் இட்’ என்று சொல்ல முயன்றால், அழுத்தமில்லாத ‘இட்’ அழுத்தம் வர வேண்டிய இறுதி இடத்தில் வந்து விழுவதை விதியை நினைவுகூரும் முன்னரே காது கண்டுகொள்ளும்.